என் பாத்தியில் இரண்டு மணத்தக்காளி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அந்தச் சனிக்கிழமை காலையில் பூவாளியோடு தோட்டத்துக்குள் நுழைந்தபோது இரண்டு காதும் ஒன்றாகச் சூடாயின. என் பாத்தியின் தலைமாட்டில் ஒரு கம்பை நட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை அதில் கட்டியிருந்தார்கள். என் செடியின் படம், அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி, கீழே நான்கு மொழிகளில் எழுத்து. தமிழில் இப்படி இருந்தது: "எச்சரிக்கை. நச்சுச் செடி. தொடாதீர், உண்ணாதீர். அடுத்த சனிக்கிழமை அகற்றப்படும்."

நச்சுச் செடியாம், மணத்தக்காளி!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மணத்தக்காளி முழங்கால் உயரச் செடி. குட்டியாக வெள்ளைப் பூ, மிளகைவிடச் சற்றுப் பெரிய காய், பழுத்தால் கறுப்பு. கீரையைக் கூட்டு வைப்போம், காயை மோரில் ஊறவைத்து வற்றல் போடுவோம். வாய்ப்புண் என்று யாராவது முகம் சுளித்தால் "மணத்தக்காளி சாப்பிட்டியா?" என்று கேட்காத தமிழ் வீடு எனக்குத் தெரிந்து இல்லை.

சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் இருப்பது குடியிருப்பாளர் தோட்டம். ஆளுக்கு ஒரு பாத்தி, கால் நீட்டிப் படுக்கலாம் என்கிற அளவு. பக்கத்துப் பாத்தியில் கைலான் கீரை, அதற்கடுத்ததில் பண்டான் இலையும் லெங்குவாஸ் கிழங்கும். எனக்கு ஆறு வருடமாக மணத்தக்காளி. முதல் செடி தானாக வந்தது. சாக்கடை ஓரத்துச் சிமெண்டு வெடிப்பில் முளைத்து நின்றதைப் பார்த்து, வேரோடு எடுத்து வந்து நட்டேன். அதே வருடம் சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய கீரைக்கட்டில் பழுத்த பழங்கள் இருந்தன. அவற்றையும் பாத்தியின் மறுகோடியில் பிழிந்துவிட்டேன். இரண்டு கோடியிலிருந்தும் காடாக மண்டியது. நானும் என் கணவரும் எவ்வளவு தின்போம்? கட்டுக் கட்டாகப் பறித்து, மாடி மாடியாகக் கொடுத்தேன். வாங்கியவர்களில் சீனரும் உண்டு, மலாய்க்காரரும் உண்டு.

பிரச்சினை வந்தது நான்காம் மாடியிலிருந்து. அங்கே ஓர் இளம் தாய், தமிழ்ப் பெண்தான், என்னைப் போல இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய நாலு வயது மகள் என் பாத்தியிலிருந்து இரண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். தாய் பதறிப்போய்ச் செடியைக் கைப்பேசியில் படம் பிடித்தாள். செடிகளுக்குப் பெயர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதே, அது "டெட்லி நைட்ஷேட்" என்று சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் ஆளைக் கொல்லும் செடியின் பெயர் அது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். அரை நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். குழந்தை போகும் வழியில் ஐஸ்கிரீம் கேட்டு அழுததாம்.

அவள் பதறியதில் தப்பே இல்லை. என் குழந்தையாக இருந்தால் நான் அந்தக் கிளினிக்கையே தலைகீழாக்கியிருப்பேன். ஆனால் புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அவள் போட்ட செய்தியின் கடைசி வரி இருக்கிறதே, அதுதான் தைத்தது. "யாரோ ஒருத்தர் பல வருஷமா இதை எல்லாருக்கும் சாப்பிடக் குடுத்துக்கிட்டு இருக்காங்க." யாரோ ஒருத்தர்! மறுநாள் வேலை முடிந்து வந்தால், முந்தின நாள் நான் கொடுத்த கீரைப் பை ஒன்று முடிச்சு அவிழ்க்காமலே என் வீட்டு இரும்புக் கதவில் தொங்கியது. எந்த மாடியிலிருந்து திரும்பி வந்தது என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் லிஃப்டில் வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தேன். அவர்களும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள். ஆறு வருடமாக அக்கம்பக்கத்துக்கு விஷம் கொடுத்தவள் என்ற பட்டத்தோடு அந்தப் புளோக்கில் குடியிருக்க எனக்கு மனமில்லை. செடி போனால் அந்தப் பட்டம் நிலைத்துவிடும், அவ்வளவுதான்.

பூவாளியை அங்கேயே வைத்துவிட்டு நேராகப் புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் தரைத்தளத்துக்கு, வாய்ட் டெக்குக்குப் போனேன். தோட்டக் குழுவின் செயலாளர் காலை வேளையில் அங்கேதான் கல் மேசையில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பார். எழுபதைத் தாண்டியவர், அலுவலகக் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்பதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த அறிவிப்பின் தமிழ் அவர் தமிழ். "உண்ணாதீர்" என்று எழுத எங்கள் புளோக்கில் வேறு ஆள் கிடையாது.

"அங்கிள், அது என்ன செடின்னு உங்களுக்குத் தெரியாதா?"

பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்மா. எங்கம்மா வத்தல் போடுவாங்க."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"சேர்மன் இங்கிலீஷ்ல அனுப்பினாரு, நான் தமிழ்ல போட்டேன். ஆப் அப்படிச் சொல்லுது. நாளைக்கு இன்னொரு பிள்ளை தின்னு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எதுக்கு வம்பு லா."

அவர் தெரியாமல் எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே எழுதியவரிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

"நம்ம ரெண்டு பேரு ஐசி கார்டுலயும் ஒரே இனம்னுதான் போட்டிருக்கு. ஆனா யாழ்ப்பாணத்தாரு வேற, இந்தியாக்காரங்க வேறன்னு நான் இந்த புளோக்குக்கு வந்த நாள்லேருந்து சொல்றீங்க. என் செடிக்கு மட்டும் ஏன் அங்கிள் எல்லாம் ஒண்ணு? ஐரோப்பாவுல இருக்கிற விஷமும் நம்ம கூட்டுக் கீரையும் ஒண்ணா?"

அவர் முகம் சிவந்தது. எனக்கு அது போதவில்லை. திரும்பத் தோட்டத்துக்குப் போய், ஒரு கைப்பிடி கறுத்த பழத்தைப் பறித்துக்கொண்டு வந்து, அவர் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாயில் போட்டு மென்றேன். பக்கத்தில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த இரண்டு சீனப் பாட்டிமார் கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீ தின்னுட்டா செடி என்னான்னு தெரிஞ்சிடுமா? ப்ரூஃப் கொண்டு வா. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பேசலாம்."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், அதே வார்த்தையை நானே ஜூரோங்கில் தினமும் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அங்கே ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பம்புகளுக்குள் போடும் கறுப்பு ரப்பர் வளையங்களைப் பார்த்துப் பிரிப்பது என் வேலை. தேறியது பச்சைத் தட்டுக்கு, தேறாதது சிவப்புத் தட்டுக்கு. இரண்டு வகை ரப்பர் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும், மற்றது உப்பாது. இரண்டும் ஒரே தட்டில் கலந்துவிட்டால் அதற்குக் 'கலப்புச் சரக்கு' என்று பெயர். எங்கள் பிரிவில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. "போட்டுப் பார்த்தேன், பொருந்துச்சு" என்று புதிதாக வந்தவர்கள் யாராவது சொன்னால், "லென்ஸை எடுத்துப் பார்த்தியா?" என்று எரிந்து விழுவேன். சந்தேகம் வந்தால் மஞ்சள் தட்டு இருக்கிறது. மஞ்சள் பட்டை கட்டி நிறுத்தி வைப்போம், அதற்கு 'ஹோல்ட்' என்று பெயர். அளந்து முடிக்கும்வரை அதில் யாரும், மேனேஜரே ஆனாலும், கை வைக்க முடியாது.

அப்படிப்பட்டவள் என் சொந்தச் செடியை ஒரு நாளாவது லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேனா? இல்லை. சமைத்தோம், தின்றோம், நன்றாக இருக்கிறோம் என்பதுதான் என் ஆதாரம். அவரைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினாலும் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது.

மாதம் ஒரு முறை தோட்டத்துக்கு வந்து பூச்சி, நோய் பார்த்து யோசனை சொல்கிற ஒரு மலாய்ப் பெண்மணி உண்டு. தாவரவியல் படித்தவர். அவரைப் போனில் பிடித்தேன். சிரித்தார். அந்த ஐரோப்பியச் செடியின் பூ ஒற்றையாக, மங்கிய ஊதாவில் மணிபோல் தொங்கும் என்றார். பழமும் ஒற்றையாக, பெரியதாக, நட்சத்திரம்போல் விரிந்த ஐந்து பச்சை இதழ்மேல் உட்கார்ந்திருக்கும். உங்களுடையது கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூவா, கொத்தாகச் சின்னப் பழமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அது இல்லை, ஆனால் நீங்களே ஒவ்வொரு செடியாகப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். எதைப் பார்ப்பது என்றும் சொன்னார். காம்புகள் எங்கிருந்து கிளம்புகின்றன, பழம் பளபளக்கிறதா, பழத்தின் தலையிலுள்ள பச்சை இதழ் எப்படி மடிகிறது.

புதன்கிழமை லீவு போட்டேன். தொழிற்சாலை லென்ஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மழைக்கு விரிக்கிற பிளாஸ்டிக் பாயைப் போட்டு மண்டியிட்டேன். சாக்கடை ஓரத்திலிருந்து வந்த கோடியில் ஆரம்பித்தேன். பூ கொத்தாக, வெள்ளையாக, நடுவில் மஞ்சள் மூக்கோடு. பழக்காம்புகள் எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பின. பழம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது, தலையிலுள்ள பச்சை இதழ்கள் பின்பக்கம் மடிந்திருந்தன. முதல் செடி, இரண்டாவது செடி, பத்தாவது செடி, எல்லாம் அப்படியே. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. செயலாளர் முகத்தில் இந்த லென்ஸை வைத்து அழுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மறுகோடிக்கு நகர்ந்தேன்.

மறுகோடியில் காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பவில்லை. ஏணிப்படிபோல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விலகி நின்றன. பழம் கொஞ்சம் பெரியது, பளபளப்பே இல்லை, தூசு படிந்ததுபோல் மங்கல். பச்சை இதழ்கள் மடியவும் இல்லை.

திரும்ப முதல் கோடிக்குப் போனேன். மறுபடியும் மறுகோடி. இப்படியே வெயில் உச்சிக்கு வரும்வரை நாலைந்து தடவை தவழ்ந்தேன். சந்தேகமே இல்லை. ஆறு வருடமாக ஒரே செடி என்று நான் வளர்த்ததும் கொடுத்ததும் இரண்டு. சிராங்கூன் சாலையிலிருந்து வந்தது ஒன்று, சாக்கடை வெடிப்பில் தானாக வந்தது இன்னொன்று. கலப்புச் சரக்கு. என் பாத்தியில்!

அந்தப் பாயில் உட்கார்ந்தபடியே மறுபடி அந்த மலாய்ப் பெண்மணிக்குப் போன் போட்டேன். இந்தக் குடும்பமே அப்படித்தான் என்றார். வாழ்நாள் முழுக்க இதையே படித்தவர்கள்கூட, ஓர் இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று இன்னும் சண்டை போடுகிறார்களாம். பிறகு ஒன்று கேட்டார். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றனவே, இரண்டும் கலந்த மாதிரி, நடுத்தரமாக ஏதாவது ஒரு செடி முளைத்திருக்கிறதா? மறுபடி தவழ்ந்து பார்த்தேன். இல்லை. ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே தேனீ, ஆனால் இது இதுவாகவே இருந்தது, அது அதுவாகவே இருந்தது. இரண்டு இனம் என்று சொல்ல அது ஒரு நல்ல காரணம் என்றார் அவர். இரண்டுமே பல நாடுகளில் ஜனங்கள் சமைத்துச் சாப்பிடுவதுதான், பச்சைக் காயை மட்டும் பச்சையாகத் தின்னக்கூடாது என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஒரு கெட்ட எண்ணம் வந்தது. மறைப்பானேன்? ஒரு கோடியை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மீதியைக் காட்டி, 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரி' என்று மீட்டிங்கில் நெஞ்சை நிமிர்த்தலாம். அந்த மலாய்ப் பெண்மணியைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. என் கணவர்கூட அதைத்தான் சொன்னார். ஆனால் எதைப் பிடுங்குவது? எது செய்த தப்புக்கு? இரண்டும் நான் கூப்பிட்டு வைத்தவை. தப்பு என்னுடையது.

வெள்ளி மாலை வாய்ட் டெக்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். சேர்மன் ஒரு சீனப் பெரியவர், சத்தம் பிடிக்காதவர். அந்த மலாய்ப் பெண்மணியும் வந்திருந்தார். செயலாளர் மடியில் கோப்பு. இளம் தாய் கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு கிளைகளை மேசைமேல் வைத்தேன்.

"இது அந்த நைட்ஷேட் இல்லை. பூவைப் பாருங்க, லென்ஸ் இருக்கு. உங்க நோட்டீஸ் தப்பு." மீதியையும் சொன்னேன். "நான் சொன்னதும் தப்புதான். எல்லாம் ஒரே மணத்தக்காளின்னு சொன்னேன். ரெண்டு இருக்கு."

மலாய்ப் பெண்மணி எழுந்து, தனக்குத் தெரிந்ததை நிதானமாக ஆங்கிலத்தில் விளக்கினார். சேர்மன் தலையாட்டினார். செயலாளர் மட்டும் முன்னுக்குச் சாய்ந்தார். இந்த நொடிக்காகத்தான் காத்திருந்தார்போல.

"அப்ப எது எதுன்னு உனக்கே தெரியலை. தெரியாமத்தான் ஆறு வருஷமா ஊருக்கே குடுத்திருக்கே."

"ஆமா, தெரியலை. ஆனா எனக்குத் தெரியலைன்னு கண்டுபிடிக்க நான் முட்டி போட்டுக் குனிஞ்சு பார்த்தேன். நீங்க யாரும் குனியலையே அங்கிள். படம் எடுத்த போன் கூட நின்னுக்கிட்டேதான் எடுத்துச்சு."

கடைசி வரிசையில் அந்தப் பெண் நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, என் பிள்ளை சாப்பிட்டுச்சு. நான் வேற என்ன பண்றது?"

"நீ பண்ணதுல தப்பில்லம்மா. ஓடினியே, அது சரி. ஆனா உன் மாமியாரைக் கேட்டுப் பாரு. மாசத்துக்கு ரெண்டு தடவை என்கிட்ட கட்டு வாங்கிட்டுப் போவாங்க. உன் வீட்டுக் கூட்டுல நீ தின்னது எதுன்னு நினைச்சே?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அவளைச் சபையில் வைத்து மட்டம் தட்டியது எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு கையைத் தூக்கச் சொன்னார்கள். செடி இருக்கட்டும் என்று தூக்கிய கைகளை எண்ண ஒரு கை விரல்களே போதும். நட்டவருக்கே தெரியாத செடி வேண்டாம் என்று சேர்மன் முடித்துவைத்தார். அந்தத் தாளுக்குப் பதிலாகத் தோட்ட வாசலில் நிரந்தரமாக ஒரு பலகையும் வைக்கப்போவதாகச் சொன்னார். நான் உண்மையைச் சொன்னதே எனக்கு எதிராகப் போனது. அதற்காக இன்றுவரை வருத்தப்படவில்லை.

சனிக்கிழமை அவர்கள் வருவதற்கு முன்னால் நானே பிடுங்கினேன். இன்னொருவர் கை பட விடவில்லை. ஒவ்வொரு வகையிலும் நல்லதாக ஒரு செடியை வேரோடு எடுத்து, இரண்டு தொட்டியில் நட்டு, என் வீட்டு வாசல் நடைபாதையில் வைத்தேன். இது சாக்கடை, இது சிராங்கூன் என்று தொட்டியின்மேல் மார்க்கர் பேனாவால் எழுதினேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் படிக்கட்டும் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சில வாரம் கழித்து அந்த இளம் தாயிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ஆன்ட்டி, நான் குரூப்ல போட்ட மெசேஜை டெலீட் பண்ணிட்டேன். அத்தை கீரை கேக்குறாங்க." எந்தத் தொட்டியிலிருந்து வேண்டும் என்று பதில் போட்டேன். இரண்டிலும் என்று வந்தது.

பலகை வந்தது. பச்சை இரும்புக் கம்பம், அடியில் சிமெண்டு, நான்கு மொழி. தமிழில் அதே செயலாளர் கைவண்ணம்: "இத்தோட்டத்தில் விளையும் அறியாத எதனையும் உண்ணாதீர்." படிக்கும்போதெல்லாம் காது சூடாகும். ஆனால் மைனாவும் கொண்டைக்குருவியும் பலகை படிப்பதில்லை. ஆறு வருடம் என் பழத்தைத் தின்று எங்கெங்கோ எச்சமிட்ட பறவைகள் அவை. மூன்று மாதம் போயிருக்கும். ஒரு காலை, அந்தப் பலகைக் கம்பத்தின் சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த பிளவில் நாலு இலையோடு ஒன்று நின்றது.

எனக்கு முன்னால் செயலாளர் அதைப் பார்த்துவிட்டார். கையில் களைக்கொத்தி இருந்தது. குனிந்தும் குனியாமலும் நின்றுகொண்டிருந்தார்.

"இது அதுதானே?" என்று கேட்டார்.

"எது?"

"உன்னோடது."

"என்னோடதுல ரெண்டு இருக்கு அங்கிள். அந்த ரெண்டுல ஒண்ணா, இல்ல மூணாவதா ஏதாவதா, இப்பச் சொல்ல முடியாது. பூக்கணும், காய்க்கணும். பார்த்துட்டுச் சொல்றேன்."

என் கைப்பையில் எப்போதும் தொழிற்சாலைப் பட்டை ஒரு சுருள் இருக்கும், இப்போது லென்ஸும். அவர் முன்னாலேயே மண்டியிட்டு, அந்த நாலு இலைக்கடியில் தண்டைச் சுற்றித் தளர்வாக ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டினேன். அதில் அச்சடித்திருக்கும் ஒரே வார்த்தை 'ஹோல்ட்'.

"இது இருக்கிறவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன். "எங்க மேனேஜரே வைக்க மாட்டாரு."

அவர் பலகையைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, முனகிக்கொண்டே, என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"லென்ஸைக் குடு," என்றார்.